ஜெயிலிலிருந்து வரும் தம்பியை, ஜெயிலுக்குப் போய் வந்தவர் கையில் ஒப்படைக்கலாமா?

வெட்டாத்தங்கரை (திங்கள் இரவு)

வணக்கம். நாங்க திருவாரூர் பக்கம். தம்பி கஞ்சா வழக்குல ரிமாண்டாகி திருச்சி மத்திய சிறையில இருக்கான். ஒரு பையை வேதாரண்யம் கரையில கொண்டுபோய்க் கொடுத்தா காசு தர்றோம்னு யாரோ சொல்ல, கிளம்பிப் போனவன் வழியிலேயே பிடிபட்டுட்டான். பையில 4 கிலோ இருந்ததா வழக்கு. அதுக்கு முன்னாடியே குடி இருந்துச்சு. கடைசியில வலி மாத்திரையைக் கரைச்சு ஊசி போட்டுக்கிற அளவுக்குப் போயிட்டான். இப்ப பெயில் ஆர்டர் வந்தாச்சு. சூரிட்டிக்கு, அதான் ஜாமீன் கையெழுத்துப் போட, ரெண்டு பேர் கிடைக்காம உள்ளேயே கிடந்தான், இப்பதான் மாமா ஒருத்தரும் அவரோட கூட்டாளியும் ஒத்துக்கிட்டிருக்காங்க.

பக்கத்து ஊர்ல மோட்டார் காயில் கட்டுற ஒருத்தர் இருக்கார். அவரும் அதே சிறையில இருந்தவர், அவரும் குடிச்சு அழிஞ்சவர்தான். இப்ப தொழில் உண்டு, குடும்பம் உண்டு, குடி கிடையாது. விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார். "வாசல்ல நான் போய் நிக்கிறேன். கொஞ்ச நாள் தினமும் அவன்கூட இருக்கேன். எனக்குக் காசு எதுவும் வேணாம்"னார்.

அம்மாவுக்கு அழுகையே வந்துருச்சு. பெரியப்பா வீட்லயோ ஒரே சத்தம். "ஜெயிலுக்குப் போனவனை ஜெயிலுக்குப் போனவன்கிட்டயே விடுறீங்களே, ரெண்டு பேரும் சேர்ந்து என்ன பண்ணுவானுங்க"ன்னு கேக்குறாங்க. திருப்பூருக்கு அனுப்பிடுங்கன்னு ஒரு பக்கம், ஏதாவது சென்டர்ல போட்டுப் பூட்டுங்கன்னு இன்னொரு பக்கம். இந்த மாதிரி மனுஷங்களோட பழக்கம் உள்ளவங்க, இல்ல நீங்களே அந்த மாதிரி மீண்டு வந்தவங்களா இருந்தா, தயவுசெஞ்சு பேசுங்க.

---

கடைமடை (திங்கள் இரவு)

அக்கா, நானும் அந்த வாசல் வழியா வெளியே வந்தவன்தான். குடி, அடிதடி, கடைசியில குண்டாஸ். குடியை விட்டுப் பல வருஷம் ஆச்சு. நாகப்பட்டினம் பக்கத்துல, வெளியே வர்றவங்களைக் கூட்டிட்டு வர்ற நாலஞ்சு பேர்ல நானும் ஒருத்தன்.

அந்த அண்ணனை வரச் சொல்லுங்க.

ரிலீஸ் பெரும்பாலும் சாயங்காலத்துல நடக்கும். கையில ஒரு பை, சார்ஜ் செத்த போன். வாசல்ல வீட்டு ஆள் இல்லேன்னா, அவனை இந்த வேலைக்கு அனுப்பின கூட்டத்துல ஒருத்தன் பைக்கோட நிப்பான். ரிலீஸ் தேதி வீட்டுக்குத் தெரியிறதுக்கு முன்னாடியே அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். "வாடா, ஒரு கட்டிங் போட்டுட்டுப் போலாம்"பான். டிவிஎஸ் டோல்கேட் தாண்டுறதுக்குள்ள பாட்டில் கைக்கு வந்துரும். கூட வர்றது அம்மாவா, அக்காவா இருந்தா, "இதோ வந்துர்றேன்"னு ஒரு சந்துக்குள்ள புகுந்தாப் போதும், உங்களால ஒண்ணும் பண்ண முடியாது. அந்த "இதோ வந்துர்றேன்"ங்கிறதுக்கு என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியும், ஏன்னா அதை நாங்களே சொல்லியிருக்கோம். அதனால நானும் கூடவே போவேன். கோபப்படுவான், படட்டும்.

அடுத்தது வீடு. உள்ள லாக்கப்புக்கு முன்னாடியே ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சிரும். ராத்திரி முழுக்க லைட் எரியும். எழுந்திரிக்கிறது, வரிசையில நிக்கிறது, எண்ணிக்கை கொடுக்கிறது எல்லாம் இன்னொருத்தர் சொல்லித்தான் நடக்கும். அப்படி இருந்துட்டு வர்றவன் இருட்டுல தூங்க மாட்டான். எட்டு மணிக்கு நீங்க சோறு போட்டா பசிக்காது. வாசல்ல யாராவது பூட்ஸ் சத்தத்தோட நடந்தா எந்திரிச்சு நிப்பான். வீட்ல "பையனுக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சு"ன்னு பயந்துருவாங்க. எனக்கும் இப்படித்தான்டா இருந்துச்சு, கொஞ்ச நாள்ல சரியாயிரும்னு சொல்ல ஒரு ஆள் வேணும். அந்த வார்த்தை டாக்டர் சொன்னாலும் ஏறாது, நாத்தனார் சொன்னாலும் ஏறாது.

இது நாங்க கண்டுபிடிச்சது இல்ல. ஏ.ஏ.ங்கிற குடிநோயாளிகள் கூட்டமே 1935-ல அமெரிக்காவுல அக்ரான்ங்கிற ஊர்ல, குடிச்சுக் கெட்ட ஒரு பங்கு வியாபாரியும் குடிச்சுக் கெட்ட ஒரு டாக்டரும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டதுல ஆரம்பிச்சதுதான். இந்தியாவுக்கு 1957-ல வந்துச்சு. நம்ம மாவட்டங்கள்லயும் சர்ச் ஹால்லயும் பள்ளிக்கூட அறையிலயும் சாயங்காலம் கூடுறாங்க. பேரு கேக்க மாட்டாங்க, சாதி கேக்க மாட்டாங்க, கேஸ் என்னன்னும் கேக்க மாட்டாங்க.

---

குடமுருட்டி (செவ்வாய் காலை)

கடைமடை எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும் மறுத்துச் சொல்ல வேண்டியது என் கடமை, ஏனென்றால் நான் பட்டவன்.

என் மகனை இப்படி "நானும் மீண்டவன்தான்" என்று சொன்ன ஒருவர் நடத்திய மையத்தில் சேர்த்தேன். பெயர் சொல்ல விரும்பவில்லை. தான் குடித்த கதையைக் கண்ணீர் வரும்படி சொல்வார். அந்தக் கதையை நம்பித்தான் பணம் கட்டினேன். உள்ளே மருத்துவர் கிடையாது. கை நடுங்கினால் பச்சைத் தண்ணீரை ஊற்றுவார்கள். சத்தம் போட்டால் கட்டி வைப்பார்கள். வீட்டார் பார்க்க மூன்று மாதம் அனுமதி இல்லை என்பது விதி. மகன் திரும்பி வந்தபோது குடியைவிட என்மேல் இருந்த வெறுப்புதான் அதிகமாக இருந்தது.

விழுந்து எழுந்ததே ஒரு படிப்பாகிவிடாது. தன்னைக் காப்பாற்றிய வழிதான் எல்லோருக்கும் வழி என்று நினைக்கும் ஆள், கையில் அதிகாரமும் வந்துவிட்டால், ஜெயில் வார்டரைவிட மோசமாக நடப்பார். சகோதரி, அந்த மோட்டார்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் தவறினால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? அதை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

---

தஞ்சை_செவிலி (செவ்வாய் மதியம்)

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பணி செய்து ஓய்வு பெற்றவள் நான். வெட்டாத்தங்கரை, முதலில் உங்கள் தம்பியின் உயிர் பற்றிப் பேசிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

அவர் ஊசியில் ஏற்றிக்கொண்ட வலி மாத்திரை அனேகமாக டேபென்டடாலாக இருக்கும். அது ஓபியாய்டு, அதாவது அபின் போல வேலை செய்யும் வகை. தொடர்ந்து எடுத்தவரின் உடம்பு அதிக அளவைத் தாங்கப் பழகியிருக்கும். சிறையில் கிடைக்காமல் மாதக்கணக்கில் இருந்தால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். வெளியே வந்து பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. முதல் 2 வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 12 மடங்குக்கும் மேல் இருந்தது, முதல் காரணம் போதைப்பொருள் அளவு மீறியதுதான். எனவே முதல் இரண்டு வாரம் அவரைத் தனியாக விடாதீர்கள். ஆழ்ந்து உறங்குவது போல் கிடந்து, தட்டினாலும் எழாமல், மூச்சு இழுத்து இழுத்து விட்டு, உதடு நீலம் பாய்ந்தால் உடனே 108. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பின்னால் போலீஸ் வருமோ என்று யோசித்துத் தாமதிக்காதீர்கள்.

ஊசி பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி சோதனை செய்துகொள்ளட்டும். அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் என்று கேட்டால் எச்.ஐ.வி. சோதனை இலவசம், முடிவை அவரிடம் மட்டும்தான் சொல்வார்கள்.

இன்னொன்று. யாரோ சொன்னார்கள் என்று குடியை நிறுத்தும் மாத்திரையைக் குழம்பிலோ காபியிலோ தெரியாமல் கலக்காதீர்கள். நம் பக்கம் இது சாதாரணமாக நடக்கிறது. டைசல்ஃபிரம் என்ற அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்த்த பிறகு எடுக்க வேண்டிய மருந்து அது.

குடமுருட்டி ஐயா சொன்ன மையத்தில் நடந்தது குற்றம். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்றாம் நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றும் நிலை வரலாம். டயசிபம் போன்ற மருந்தும் தயமின் ஊசியும் தேவைப்படும் நேரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது கொலைக்குச் சமம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடி, போதையால் வரும் மனநிலைக் கோளாறையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்று எங்கே, டாக்டர் எந்த நேரம் வருவார், நான் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே சிகிச்சை உண்டு. போனில் கேட்க 14446 போதை மீட்புக்கு, 14416 மனநல ஆலோசனைக்கு.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் கண்ணால் பார்த்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் வார்டில் மருந்தால் உடம்பு தேறிப் போனவர்கள் நிறையப் பேர். ஆனால் மறுபடி மறுபடி வந்து படுக்காமல் போனவர்கள், வெளியே தன்னைப் போன்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டவர்கள்தான். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படும் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையை 1980-ல் தொடங்கிய சாந்தி ரங்கநாதனும், குடிக்குக் கணவரைப் பறிகொடுத்தவர்தான். பட்ட அறிவுக்கும் படித்த அறிவுக்கும் சண்டை தேவையில்லை. என் வார்டில் இரண்டும் சேர்ந்திருந்த நாட்களில்தான் வேலை நன்றாக நடந்தது.

---

கடைமடை (செவ்வாய் இரவு)

குடமுருட்டி ஐயா, உங்க மகனுக்கு நடந்ததைப் படிச்சு மனசு கனத்துப் போச்சு. உங்க கேள்வி சரியான கேள்வி. அதுக்காகத்தான் எங்களுக்குள்ள சில கட்டு வெச்சிருக்கோம்.

வந்தவனோட காசை நாங்க தொடுறதில்ல. பெயில் செலவுக்குன்னு வீட்ல கொடுத்தாலும் வாங்குறதில்ல, வக்கீல்கிட்டயே கொடுக்கச் சொல்லிருவோம். ஒருத்தனை ஒருத்தர் மட்டும் தனியாப் பார்க்க மாட்டோம், ரெண்டு பேரா இருப்போம். யாரையும் எங்க வீட்லயோ எந்த ரூம்லயோ அடைச்சு வைக்கிறதில்ல. போறேன்னா போகலாம். மருந்தை நிறுத்துன்னு சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது. நான் டாக்டர் இல்ல. நான் திரும்பக் குடிச்சா, அன்னியிலேர்ந்து நான்தான் உதவி கேக்குற ஆள், உதவி செய்யிற ஆள் இல்ல. இது எழுதி வெச்சதில்ல. ஆனா மீறினவரை நாங்க ஒதுக்கியிருக்கோம்.

அக்கா, அந்த மோட்டார் அண்ணன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "உங்களுக்கு மனசு தடுமாறினா நீங்க யாருக்கு போன் பண்ணுவீங்க?" பேரு சொன்னார்னா நம்பி விடுங்க. "எனக்கெல்லாம் அது தேவையில்ல, நான் ஜெயிச்சுட்டேன்"னு சொன்னா யோசிங்க.

இன்னொண்ணும் மனசுல இருக்கு, சொல்லிடுறேன். எங்களை மேடையேத்திக் கதை சொல்லச் சொல்றாங்க. போதை ஒழிப்பு நாள், காலேஜ் கூட்டம், சால்வை. மறுநாள் ஒருத்தனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஒரு நாள் கூலியை விடணும்னா யாரும் கேக்க மாட்டாங்க. எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்துல, ஊசி பழக்கம் இருந்தவங்களையே களப்பணிக்கு வெச்சு மதிப்பூதியம் கொடுக்கிறாங்க. அது வருஷக்கணக்கா நடக்குது. ஜெயில்லேர்ந்து வர்றவங்களுக்கும் அதே மாதிரி ஒவ்வொரு தாலுகாவுலயும் ரெண்டு பேர் சம்பளத்தோட இருந்தா எத்தனை பேர் பிழைப்பான்! சும்மா செய்யிற சேவை எத்தனை நாளைக்குத் தாங்கும்? எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கே.

---

வாய்தா (புதன் காலை)

வழக்கறிஞர். கீழ் நீதிமன்றங்களில்தான் பெரும்பாலும் வேலை.

வெட்டாத்தங்கரை, கஞ்சாவில் 1 கிலோவுக்குக் கீழ் சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. 4 கிலோ இடைப்பட்டது. 10 ஆண்டு வரை தண்டனையும் 1 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம், எனவே வழக்கை இலேசாக நினைக்காதீர்கள். பெயில் கிடைத்தும் சூரிட்டி இல்லாமல் உள்ளே இருக்க நேர்ந்தால் என்ன செய்வது என்று மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும். 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்படி, ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் தாண்டினால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். ஏழைக் கைதிகளுக்கு ஜாமீன் தொகை தந்து உதவும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் போதைப்பொருள் வழக்குகளுக்கு அது பொருந்தாது. பை தூக்கிப் போய் மாட்டுகிறவர்கள்தான் பெரும்பாலும் பரம ஏழைகள். அவர்களை வெளியே நிறுத்தியது எனக்கு நியாயமாகப் படவில்லை.

உங்கள் பெரியப்பாவின் பயத்தில் ஓர் இடத்தில் சட்டப் பொருள் உண்டு. ஜாமீன் உத்தரவை வாங்கிப் படியுங்கள். இதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட மற்றவர்களோடு தொடர்பு கூடாது என்று நிபந்தனை இருந்தால், மோட்டார்காரருக்கு இந்த வழக்கோடு ஒட்டும் உறவும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படி நிபந்தனை இல்லையென்றால் தடையே இல்லை. அவர் வாசலில் வந்து நிற்பதை யாரும் தடுக்க முடியாது.

தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று நிபந்தனை போட்டிருப்பார்கள். இது ஆளை வேலைக்குப் போக விடாமல் செய்துவிடும். கொஞ்ச நாள் ஒழுங்காகப் போட்டுவிட்டு, தளர்வு மனு போடலாம். சிகிச்சைச் சீட்டும் வேலை கொடுப்பவரின் கடிதமும் இருந்தால் மனுவுக்குப் பலம். முதல் நாட்களில் மோட்டார்காரரும் ஸ்டேஷன் வாசல்வரை கூடப் போகட்டும்.

கையில் சிறிய அளவோடு பிடிபட்ட, பழக்கத்துக்கு ஆளானவர்கள் கவனிக்க: போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. உங்கள் தம்பிக்கு அது பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் யாருக்காவது பொருந்தும். காவலில் இருப்பவர் எவருக்கும் இலவச வக்கீல் உரிமை உண்டு, 15100-ல் கேளுங்கள். சிறைக்குள்ளே தண்டனைக் கைதிகளுக்கே பயிற்சி கொடுத்துச் சட்டத் தன்னார்வலராக உட்கார வைக்கிறார்கள். அப்படிப் பயின்ற ஒருவர் எழுதித் தந்த மனுவைப் பார்த்திருக்கிறேன். சில ஜூனியர்கள் எழுதுவதைவிடத் தெளிவு.

---

கூத்தாநல்லூர்_கல்ஃப் (புதன் இரவு)

இங்க எங்க கம்பெனியில ஆள் எடுக்குறாங்க. ஊர்ல இருந்தா திரும்பக் கெட்டுப் போவான். அனுப்பி வைங்க, நான் பேசுறேன்.

---

வாய்தா (புதன் இரவு)

நல்ல மனசு. ஆனால் வழக்கு நிலுவையில் இருக்கும்போது வெளிநாடு போக வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், அதைக் காட்டித்தான் பாஸ்போர்ட்டே வாங்க முடியும். மறைத்து விண்ணப்பித்தால் இன்னொரு வழக்கு. இப்போதைக்கு இந்த வழி வேண்டாம்.

---

அரசலாறு (வியாழன் மதியம்)

இத்தனை நேரம் தம்பி, மகன், அண்ணன்னே பேசிக்கிட்டிருக்கோம். நான் பொண்ணுங்களைப் பத்திச் சொல்லணும்.

என் வீட்டுக்காரர் குடிச்ச காலத்துல நான் கும்பகோணத்துல ஒரு பாத்திரக் கடையில வேலை. அவர் ஏ.ஏ.க்குப் போக ஆரம்பிச்சப்ப, பெண்டாட்டிமாருக்குன்னு தனிக் கூட்டம் உண்டுன்னு என்னையும் கூப்பிட்டாங்க. ஆல்-அனான்னு பேரு. ஏ.ஏ.வைத் தொடங்கினவரோட மனைவி லோயிஸ் 1951-ல ஆரம்பிச்சது. அவர் குடிக்கிறதை நிறுத்தறது என் வேலை இல்லைன்னு அங்கதான் கத்துக்கிட்டேன். அவர் பாக்கெட்டைத் துழாவுறது, வாயை மோந்து பாக்குறது, முதலாளிக்குப் போன் பண்ணி "காய்ச்சல்"னு பொய் சொல்றது எல்லாத்தையும் விட்டேன். வெட்டாத்தங்கரை, தம்பிக்கு ஒரு ஆள் வேணும்ங்கிற மாதிரியே உங்க அம்மாவுக்கும் ஒரு ஆள் வேணும். அவங்க தூங்கி எத்தனை நாளாச்சோ.

திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் பொம்பளைங்க சிறை இருக்கு. காரைக்கால்லேர்ந்து பாட்டில் கொண்டு வந்து வித்ததா, பையில கஞ்சா வெச்சிருந்ததா எங்க பக்கத்துப் பொண்ணுங்க போயிட்டு வர்றாங்க. முக்கால்வாசிப் பேர் புருஷன் குடிச்சுச் செத்து, வேற வழி தெரியாம அதுல இறங்கினவங்க. ஆம்பளை வெளியே வந்தா கறிக்குழம்பு வெக்கிறாங்க. பொம்பளை வந்தா வாசல்ல நிக்க ஆள் கிடையாது. சிறையில தாயோட 6 வயசு வரைக்கும்தான் பிள்ளையை வெச்சிருக்க விடுவாங்க. அதுக்கு மேல உள்ள பிள்ளை மாமியார் வீட்லயோ விடுதியிலயோ. வெளியே வந்தவுடனே "நீ பிள்ளையைப் பாக்கவே வராதே"ம்பாங்க. மகளிர் குழுவுல சேத்துக்க மாட்டாங்க, ஏற்கெனவே வாங்கின குழுக் கடன் நிலுவையில நிக்கும். அந்தக் கடன்தான் மறுபடியும் பாட்டில் தூக்க வைக்குது, ஆசை இல்ல.

எங்க தெருவுல ஒரு அக்கா இப்படிப் போயிட்டு வந்தவங்க. இப்ப இட்லிக்கடை வெச்சிருக்காங்க. யார் வெளியே வர்றதாத் தெரிஞ்சாலும் ஒரு புடவையை எடுத்துக்கிட்டு அவங்கதான் போறாங்க. முதல்ல குழு லீடரைப் பாத்து, தவணையைக் கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கச் சொல்லிப் பேசுறாங்க. அப்புறம் பிள்ளை இருக்கிற வீட்டுக்குக் கூடப் போயி, திண்ணையிலயே உக்காந்திருப்பாங்க, பிள்ளையைக் கண்ணுல காட்டுற வரைக்கும். எந்த அதிகாரியும் செய்ய முடியாத வேலை அது. அந்தக்காவுக்கு எந்தத் திட்டத்துலயும் பேரு கிடையாது.

---

சம்பா_சாகுபடி (வெள்ளி காலை)

மன்னார்குடி பக்கம் விவசாயம். வேலை கொடுக்கிறவன் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுத்திருக்கிறேன், கொடுத்துக்கொண்டும் இருக்கிறேன். வேலை தெரியாதது பிரச்சினையே இல்லை. சாயங்காலம்தான் பிரச்சினை. நம் பக்கம் வரப்பு வெட்ட, மூட்டை தூக்க, மரம் அறுக்க ஆள் கூப்பிட்டால் கூலிக்கு மேல் ஒரு குவாட்டர் என்பது எழுதாத ஒப்பந்தம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சீசன் நேரம் லோடு ஏற்றும் இடத்தில் போய்ப் பாருங்கள். நாள் முழுக்க முதுகொடிய மூட்டை தூக்கியவனுக்கு எல்லோரும் சேர்ந்து ஊற்றிக் கொடுப்பார்கள், வேண்டாம் என்றால் கேலி. மீண்டு வந்தவன் அங்கே தனியாக நின்றால் ஒரு வாரம் தாங்க மாட்டான்.

நான் இரண்டு காரியம் செய்தேன். குவாட்டருக்குப் பதில் அதற்கான காசைக் கூலியோடு சேர்த்து, ஆளைப் பார்த்து, முடிந்தால் அவர் மனைவியின் கணக்கில் போடுகிறேன். சில பேர் கோபித்துக்கொண்டு வரவில்லை, போகட்டும். இரண்டாவது, குடியை விட்ட ஒரு கொத்தனார் எங்கள் ஊரில் இருக்கிறார். புதிதாக வருகிறவனை அவர் இருக்கும் செட்டில்தான் சேர்ப்பேன். மாலை ஐந்தரைக்கு அவரே தன் வண்டியில் ஏற்றி வீட்டில் இறக்கிவிடுவார்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி என்று தை மாசி வரைக்கும் வேலை ஓடும். அதன் பிறகு வரும் கோடைக் காலம்தான் ஆபத்து. கையில் வேலை இருக்காது, கோயில் திருவிழா வேறு வரும். இந்த மாதங்களுக்கு ஒரு கைத்தொழில் வேண்டும். வெட்டாத்தங்கரையின் தம்பிக்கு மோட்டார் காயில் கட்டக் கற்றுக் கொடுத்தால் அதைவிட நல்லது இல்லை. டெல்டாவில் பம்ப்செட் பழுதாகாத கோடை ஏது.

---

வெட்டாத்தங்கரை (சில வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. இத்தனை நாள் எழுத முடியல.

மோட்டார் அண்ணன்கிட்ட கடைமடை சொன்ன கேள்வியைக் கேட்டேன். உடனே போனை எடுத்து ஒரு நம்பரைக் காட்டி, "தஞ்சாவூர்ல இருக்கிற இவர்கிட்ட நேத்துகூடப் பேசினேன்"னார். வாய்தா சார் சொன்ன மாதிரி உத்தரவையும் படிச்சோம், அவருக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தம் இல்ல. அதுக்கப்புறம் பெரியப்பா பேச்சை நான் காதுல வாங்கல.

ரிலீஸ் அன்னிக்கு நிஜமாவே பைக்ல ஒருத்தன் நின்னான். அண்ணன் அவன்கிட்ட சண்டைக்கெல்லாம் போகல. "நான் கூட்டிட்டுப் போறேன் தம்பி, நீ கிளம்பு"ன்னு மட்டும் சொன்னார். அவரைப் பாத்ததும் அவன் போயிட்டான். என்னால அது முடிஞ்சிருக்காது.

முதல் ரெண்டு வாரம் செவிலியம்மா சொன்னபடி தனியா விடல. லைட்டை எரியவிட்டே படுக்க வெச்சோம். பரிசோதனை எல்லாம் எடுத்தாச்சு. மனநலப் பிரிவுல டாக்டர் பாத்து மருந்து கொடுத்திருக்காங்க. ஸ்டேஷன் கையெழுத்துக்கு அண்ணன் கூடப் போனார். அங்க ஒருத்தர் அவரையே "நீ எதுக்கு வந்தே, பழைய ஆளாச்சே"ன்னு கேட்டப்பவும் பொறுமையா நின்னார். அதுக்கு அப்புறம் காயில் கடைக்கு.

ஒரு நாள் குடிச்சிட்டு வந்தான். கோர்ட்டு வாய்தாவுக்குப் போன எடத்துல பழைய ஆளுங்களைப் பாத்திருக்கான். அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. எனக்கு அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம்னுதான் வந்துச்சு. அண்ணன் வந்து ஒண்ணும் கேக்காம பக்கத்துல பாயைப் போட்டுப் படுத்தார். காலையில "மாத்திரை போட்டியா, குடி மட்டுமா"ன்னு கேட்டார். குடி மட்டும்னான். "சரி, டாக்டர்கிட்ட நீயே சொல்லு. கையெழுத்துக்கு நேரமாச்சு, குளி"ன்னார். அவ்வளவுதான் பேச்சு. திட்டியிருந்தா அவன் மறுபடி போயிருப்பான். அடுத்த வாய்தாவுக்கு அண்ணனும் அந்தத் தஞ்சாவூர்க்காரரும் கோர்ட்டுக்கு வந்தாங்க.

பெரியப்பா வீட்ல இன்னும் பேசல. அவங்க மோட்டார் ரிப்பேர் ஆனப்ப மட்டும் ஆள் அனுப்பினாங்க. தம்பிதான் போய்க் கழட்டிட்டு வந்தான்.

அரசலாறு அக்கா, அம்மாவை நீங்க சொன்ன கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். பக்கத்துல எங்க நடக்குது?

---

குடமுருட்டி (மறுநாள்)

படித்தேன் அம்மா. குடித்துவிட்டு வந்த இரவில் அடிக்காமல், கட்டிப்போடாமல், பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, வெகுநேரம் மேலே படிக்க முடியவில்லை. என் மகன் இன்னும் குடிக்கிறான். தனியாக அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான், என் போனை எடுப்பதில்லை. மையம் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுவான்.

கடைமடை, உங்களிடம் நேராகக் கேட்கிறேன். அவனே கூப்பிடாமல் நீங்கள் யாராவது போய்ப் பார்ப்பீர்களா? பணம் எவ்வளவு ஆனாலும் சரி.

---

கடைமடை (அன்று இரவு)

போய்ப் பாப்போம் ஐயா. பணம் வேணாம். ஆனா அப்பா அனுப்பினார்னு அவன்கிட்ட மறைக்க மாட்டோம், முதல் வார்த்தையிலேயே சொல்லிடுவோம். வெளிய போன்னா வந்துருவோம், கொஞ்ச நாள் விட்டு மறுபடி போவோம். அவன் எங்ககிட்ட என்ன பேசினான்னு உங்ககிட்ட வந்து சொல்ல மாட்டோம், உயிருக்கு ஆபத்தா இருந்தாத் தவிர. இதுக்கு நீங்க சம்மதிச்சா ஊரும் தெருவும் தனிமடல்ல போடுங்க. கும்பகோணம் பக்கம்னா எங்களைவிடப் பக்கத்துல ஒரு ஆள் இருக்கார், அவரும் சென்டர்ல கட்டிப்போட்டு அடி வாங்கினவர். அவரை முன்னாடி அனுப்பி, நான் ரெண்டாவது ஆளா வர்றேன்.

வெட்டாத்தங்கரை அக்கா, குடும்பத்தாருக்கான கூட்டம் பத்தி அரசலாறு அக்காவே சொல்வாங்க. தம்பிக்கு எங்க கூட்டம் ஞாயித்துக்கிழமை. நடவு நேரம்ங்கிறதால சாயங்காலம் 5 மணிக்குப் பதிலா 7-க்கு மாத்தியிருக்கோம். கடைசி பஸ் போயிரும்னு கவலைப்பட வேணாம், திருவாரூர் வரைக்கும் ஒரு வண்டி திரும்புது.

---

அரசலாறு (அன்று இரவு)

அம்மாவுக்கு சனிக்கிழமை மத்தியானம். இடத்தைத் தனிமடல்ல அனுப்பியிருக்கேன். முதல் தடவை வர்றப்ப பேசணும்னு கட்டாயம் இல்ல, சும்மா உக்காந்து கேட்டாப் போதும்னு சொல்லிக் கூட்டிட்டு வாங்க.